அரியரத்தினத்தார் வீட்டுக் கல்யாணமும் ஒரு பழங்குண்டும்

ஹனோவரில் அரியரத்தினம் அண்ணையைத் தெரியாத தமிழர் இல்லை. பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. வாய் மட்டும் மந்திரி வாய். யாழ்ப்பாணத்தில் விமானக் குண்டுக்குப் பயந்து வீடு வீடாக மாறி, கடைசியில் ஜெர்மனிக்கே வந்து சேர்ந்தவர். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. நண்பன் என்ற முறையில் நிறையப் பட்டவன், அதனால் சொல்கிறேன்.

2007 ஆவணியில் அவர் மகள் சுகன்யாதேவிக்குக் கல்யாணம். ஞாயிறு காலை பத்தரைக்குள் தாலி ஏறவேண்டும். இருவர் நட்சத்திரத்துக்கும் அந்த வருஷம் வேறு நாள் பொருந்தவில்லை என்று ஐயர் சொல்லியிருந்தார். முதல் நாள் மாலை மணவறை சோடித்துக்கொண்டிருந்தபோது பொலிஸ் வந்தது. மண்டபத்துக்குப் பின்னால் அத்திவாரம் தோண்டிய இடத்தில் 1945இல் விழுந்த குண்டு ஒன்று கிடைத்திருக்கிறதாம். காலையில் அதைச் செயலிழக்கச் செய்வார்கள், ஒருவரும் அந்தப் பக்கம் நிற்கக்கூடாது. அந்த வருஷம் பெர்லின் விழுந்தது, ஜப்பானில் இரண்டு நகரங்கள் சாம்பலாயின, உலகப் போரே முடிந்தது. இந்தக் குண்டுக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை.

அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“குண்டுக்குப் பயந்து நாட்டை விட்டே ஓடி வந்தனான். இனி ஒரு குண்டுக்கும் எழும்பமாட்டன்.”

மனைவி மல்லிகா அக்கா ஏசவில்லை. கட்டிய பூவையெல்லாம் கழற்றத் தொடங்கினார்.

“நீங்கள் இருங்கோ. பிள்ளைக்கு நேரத்துக்குத் தாலி ஏறவேணும். நாங்கள் மணவறையைக் கொண்டு போறம்.”

வெளியேற்றப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்கு மணவறையும் சட்டி பானையும் லொறியில் போயின. அண்ணை முணுமுணுத்துக்கொண்டே லொறியில் ஏறினார்.

காலையில் வேறொரு வில்லங்கம். உள்ளே நெருப்பு மூட்ட விடமாட்டோம் என்றார்கள் தீயணைப்புக்காரர்கள். ஓமத்தை முற்றத்துக்கு மாற்றினோம். ஐயர் ஒரு பக்கம் நெய் ஊற்ற, மறுபக்கம் தீயணைப்புக்காரர் ஒருவர் தண்ணீர்க் குழாயோடு விறைப்பாக நின்றார். யாரோ அவருக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள். நாயும் பூனைக் கூடையுமாக வந்திருந்த ஜெர்மன்காரர்கள் அட்சதையை வாங்கி, எப்போது எறிவதென்று தெரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரத்துக்குள்ளேயே தாலி ஏறியது.

பந்தி நடக்கும்போது ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். குண்டு செயலிழந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஜெர்மன்காரர்கள் எழுந்தார்கள். அண்ணை சோற்றுக் கரண்டியோடு ஓடிப்போய் வாசலை மறித்தார். இத்தனை வருஷமாக, எழும்பிப் போ என்ற சொல்லையே கேட்டுப் பழகிய மனிதருக்கு அன்று முகமெல்லாம் பூரிப்பு.

“பாயாசம் இன்னும் வரேல்லை. இருங்கோ.”

தமிழில்தான் சொன்னார். தீயணைப்புக்காரர்தான் முதலில் உட்கார்ந்தார்.