எங்க வண்டிக்குக் கிரீஸ்

ஜீப்பில் கிரீஸ் அடிக்க வேண்டிய இடங்கள் இருபதுக்கு மேல். பெரும்பாலும் எல்லாமே அடியில்தான். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அவற்றில் ஒன்றும் கண்ணில் படாது. ஐந்து வருஷம் நான் அந்த வண்டிக்குக் கீழே இருந்தேன். மேலே அண்ணன் இருந்தார்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனவன் நான். ஜோலார்பேட்டையில் டீ விற்றேன். குண்டக்கல்லில் மூட்டை ஏற்றினேன். கோலார் பக்கம் ஒரு கல் குவாரியில் மூன்று வருஷம் இருந்தேன். ஜீப்பைக் கற்றுக்கொண்டது அங்கேதான். மழை பெய்தால் அந்தக் குவாரி ஜீப்புக்கு அடியில்தான் படுப்பேன், வேறு இடம் இல்லை. எமர்ஜென்சி முடிந்த வருஷம் அண்ணன் ஆள் அனுப்பினார். அடி அண்ணாமலையில் அப்பா விட்டுப்போன மல்லாட்டைக் கொல்லையை, வேர்க்கடலை போட்ட நிலத்தை, விலைக்குக் கேட்கிறார்கள், வந்து கையெழுத்துப் போடு என்று.

கொல்லை எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. விற்றோம். பங்கு கைக்கு வந்தால் நான் மறுபடி ரயில் ஏறிவிடுவேன் என்று அண்ணனுக்குத் தெரியும்.

"ஒரு ஜீப்பு எடுக்கலாம்டா. நான் லைசென்ஸ் எடுத்து ஓட்டறேன், நீ அடியில பாத்துக்கோ. நம்ம வண்டி. எவன் கிட்டயும் போய் நிக்க வேணாம்" என்றார்.

நம்ம வண்டி என்றதும் விழுந்துவிட்டேன். அதுவரை எனக்கென்று இருந்தது ஒரு தகரப்பெட்டியும் ஒரு கம்பளியும்.

பெங்களூர்ப் பக்கம் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தோம். எந்த வண்டியை எடுப்பது என்று தீர்மானித்தவன் நான். பச்சை பெயிண்டு உரிந்து, தார்ப்பாய் கிழிந்து நின்ற பத்துப் பதினைந்து ஜீப்புகளில் ஒவ்வொன்றுக்கும் அடியில் புகுந்து பார்த்து, அடிச்சட்டம் துருப்பிடிக்காத ஒன்றைக் காட்டினேன். பிறகு வண்டியை எங்கள் பேருக்கு மாற்ற வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். ஆபீசுக்கு வெளியே மரத்தடியில் விண்ணப்பம் எழுதித் தருகிறவர், இரண்டு பேர் பேரையும் போட வேண்டும் என்றதும் நிமிர்ந்தார்.

"தம்பிக்கு நிரந்தர முகவரி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன்தான் பதில் சொன்னார். "அவனுக்கு ஏதுங்க அட்ரஸு? காத்தடிச்ச பக்கம் போறவன்."

"ரேஷன் கார்டுல பேரு இருக்குதா?"

இல்லை. நான் ஊரில் இல்லாத வருஷங்களில் எடுத்துவிட்டார்கள்.

"அப்ப பெரியவரு பேர்லயே போட்டுடறேன். பின்னாடி சேத்துக்குங்க."

"பின்னாடி சேத்துக்கலாம்டா" என்றார் அண்ணனும். நான் தலையாட்டினேன். வெளியே நின்ற வண்டியின் முன் சக்கரத்தில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. என் புத்தியெல்லாம் அதில் இருந்தது.

அதற்கப்புறம் என் காலைகள் எல்லாம் ஒரே மாதிரி. முதலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர். அடுத்து ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு பார்ப்பது. பிரேக் ஆயில். பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். அப்புறம் சாக்கை விரித்து மல்லாந்து அடியில் போவது. கிரீஸ் கன்னை நிப்பிளில் மாட்டி, பழைய கிரீஸ் கருப்பாகப் பிதுங்கி வெளியே வந்து புதுசு மஞ்சளாகத் தெரியும்வரை அடிக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளுக்கு, ஸ்டியரிங் முனைகளுக்கு, என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சுற்றுகிற இரண்டு ஷாஃப்ட்டின் மூட்டுகளுக்கு. ஆற்று மணலில் இறங்கி வந்தால் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றிச் சேறாகிப்போன எண்ணெயைக் கொட்டி மாற்றுவேன். வாரம் ஒருமுறை என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பாயிண்டைத் தேய்த்து இடைவெளி வைப்பேன். அளவுக்கு ஒரு அஞ்சலட்டையை மடித்து வைத்திருந்தேன். யாருக்கும் எழுதாத அட்டை.

அண்ணன் குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டையில் வந்து சாவி போடுவார். முதல் சுற்றில் பிடித்துக்கொள்ளும். "நம்ம வண்டின்னா நம்ம வண்டிதான்டா" என்பார். ஜவ்வாது மலைக்குப் புளி வியாபாரிகள் வாடகைக்குக் கேட்டு வருவார்கள். பஸ் போகாத ஊர்களுக்குக் கல்யாணக்காரர்கள் கேட்பார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களில் நடக்க முடியாதவர்களும் உண்டு. வண்டி நிற்காமல் ஓடியது. எனக்குச் சோறு, துணி, பீடிச் செலவு. வேறு கேட்கவும் தோன்றவில்லை. என் வண்டிதானே என்று இருந்தேன்.

நாலாம் வருஷம் புதுப் பெயிண்டு அடித்தார்கள். முன் கண்ணாடிக்கு மேலே அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரையும் சிவப்பில் எழுதினார்கள். பிள்ளைகள் பேர்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு நாள் காலை. நான் அடியில் கிடந்து பின் மூட்டுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அண்ணன் குரல் கேட்டது.

"எங்க வண்டி..."

மீதி காதில் விழவில்லை. வண்டி எங்கே என்று கேட்கிறார் போல என்று நினைத்து, "இங்கதாண்ணா இருக்குது. என் நெஞ்சு மேல நிக்குது" என்றேன்.

அண்ணி சிரித்தார். அவருடைய தம்பி, போளூரிலிருந்து வந்தவன், அவனும் சிரித்தான். அண்ணன் குனிந்து பார்த்துத் திருப்பிச் சொன்னார். "அதில்லடா. எங்க வண்டி ரெடியாயிடுச்சானு கேட்டேன். பொண்ணு பாக்கப் போறோம் இல்ல, மச்சானுக்கு. சீக்கிரம் வெளிய வா."

'நம்ம' என்றால் கேட்கிறவனும் உள்ளே. 'எங்க' என்றால் கேட்கிறவன் வெளியே. எட்டாவது முடிக்காதவனுக்கும் இது தெரியும். அண்ணன் வேண்டுமென்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. யோசித்துச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். தானாக வாயில் வந்திருந்தது. வீட்டுக்குள் ரொம்ப நாளாக அப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

பெண் பார்க்கப் போனார்கள். வண்டியில் இடம் இருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. என் சட்டையும் கூப்பிடுகிற மாதிரி இல்லை.

திரும்பி வந்தபின் கேட்டேன். "ண்ணா, வேலூர் போய் என் பேரையும் சேத்துட்டு வந்துடலாமா?"

"இன்னாடா திடீர்னு?"

"பின்னாடி சேத்துக்கலாம்னு சொன்னீங்க இல்ல."

"சேத்துக்கலாம். தீபம் முடியட்டும்."

தீபம் முடிந்தது. பொங்கல் முடியட்டும் என்றார். புளி ஏலம் முடியட்டும் என்றார். அண்ணி ஒரு தடவை சோறு போட்டுக்கொண்டே, "ஆர்.சி. புக்குல பேரு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. வண்டிய உங்க கையில தானே குடுத்து வச்சிருக்கோம்" என்றார். குடுத்து வச்சிருக்கோம். அந்தக் குழம்பின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். நல்ல காரியம் இல்லை. கிரீஸ் அடிப்பதை நிறுத்தினேன். தண்ணீர் ஊற்றினேன், ஆயில் பார்த்தேன், கண்ணாடி துடைத்தேன். அடியில் மட்டும் போகவில்லை. சொந்தக்காரர் எத்தனை நாளில் கண்டுபிடிக்கிறார் பார்ப்போம் என்று இருந்தேன். ஒரு மாதம் போனது. ஓடையில் இறங்கி ஏறி மூட்டில் இருந்த கொஞ்சநஞ்சமும் கழுவிக்கொண்டு போயிருக்கும். வண்டி தெருமுனை திரும்பும்போதே கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம் எனக்குக் கேட்கும். அண்ணன் அதை ஓட்டிக்கொண்டு வந்து, இறங்கி, கை கழுவிச் சாப்பிடப் போவார். "இன்னா சத்தம்?" என்று ஒரு நாள் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே அடியில் போயிருப்பேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதத்தில் மலை ஏற்றத்தில் பின் மூட்டு உடைந்து ஷாஃப்ட்டு கழன்று விழுந்தது. அந்த ஜீப்பில் கைப்பிரேக்கு பிடிப்பது சக்கரத்தை அல்ல, ஷாஃப்ட்டைத்தான். ஷாஃப்ட்டு கழன்றால் அதை இழுப்பதும் ஒன்றுதான், இழுக்காததும் ஒன்றுதான். அண்ணனுக்கு அது தெரியாது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்து இறங்கியிருக்கிறார். வண்டி பின்னால் உருண்டு பாறையில் இடித்து நின்றது. வண்டியிலிருந்து குதித்த புளி வியாபாரி ஒருவருக்குக் கணுக்கால் எலும்பு விட்டுப்போனது. பாறை அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பிணம் விழுந்திருந்தால் அது என் கணக்குத்தான்.

அண்ணன் புளி லாரி ஒன்றில் ஏறி வந்தார். சட்டையெல்லாம் மண்.

"உன் வண்டி மலைல நிக்குது. போய்ப் பாரு!" என்றார்.

உடைந்ததும் என் வண்டியாகிவிட்டது.

புது மூட்டு வாங்கிக்கொண்டு மறுநாள் விடிந்ததும் இருவரும் பஸ்ஸில் போனோம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏற்றத்தில் நடந்தோம். ரோட்டிலேயே படுத்துப் பழைய மூட்டைச் சுத்தியலால் தட்டி வெளியே எடுத்தேன். உள்ளே ஊசி ஊசியாக இருக்க வேண்டிய பேரிங் சிவப்புத் தூளாகக் கொட்டியது. புதுசை மாட்டி, ஷாஃப்ட்டைத் தூக்கி வைத்து, நட்டு முடுக்குவதற்கு முன்னால் கேட்டேன்.

"யாரு வண்டிண்ணா இது?"

"இன்னா கேள்வி இது? நம்ம வண்டிடா."

யோசிக்கக்கூட இல்லை, உடனே சொன்னார். நாலரை வருஷம் நான் எதற்காக அடியில் கிடந்தேனோ அது அவ்வளவு மலிவாக வந்து விழுந்தது. நட்டுகளை முடுக்கினேன். கிரீஸ் அடித்தேன். அண்ணன் சாவி போட்டார்.

அடுத்த தையில் வண்டியை விற்றார். வாங்குகிறவர் வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும். வேங்கிக்கால் ஏரிக்கரையில் செங்கல் சூளை வைத்திருந்தவர், நல்ல பருத்த ஆள். வண்டியைச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார்.

"யாரு பாத்துக்கறது இத?"

"இவன்தான்" என்று அண்ணன் என்னைக் காட்டினார். "எதுனா கேக்கணும்னா கேளுங்க."

"மெக்கானிக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எதையாவது சொல்லிப் பேரத்தைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம் அந்த முகத்தில் இருந்தது. கொஞ்சம் கூச்சமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கூடப்பிறந்தவன் என்று சொல்லியிருக்கலாம். பாதி என்னுது என்று சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க, மெக்கானிக்கு" என்றேன்.

சூளைக்காரர் ஒரு சாக்குக் கேட்டார். அதை விரித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வண்டிக்கு அடியில் வந்து படுத்தார். அத்தனை வருஷத்தில் அங்கே வந்து படுத்த முதல் ஆள் அவர்தான். ஒவ்வொரு இடமாகக் காட்டினேன். ஆறு வாரம் கிரீஸ் போடாமல் விட்டு மூட்டு உடைந்ததையும் சொன்னேன்.

"ஏன் உட்ட?"

"கோவத்துலங்க."

"இப்ப கோவம் போச்சா?"

அடுத்த நிப்பிளைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வெளியே நகர்ந்து, எழுந்து முதுகைத் தட்டினார். "என்கிட்ட வந்துடறியா? சம்பளம் தரேன்."

நான் யோசிக்கும் முன்னால் அண்ணன் சொன்னார். "கூட்டிட்டுப் போங்க. அவனுக்கு இங்க இன்னா இருக்குது?"

ஸ்டெப்னியை ஏற்றினார்கள். ஜாக்கியையும் டூல்ஸ் பையையும் ஏற்றினார்கள். நான் என் தகரப்பெட்டியோடு பின்னால் ஏறிக்கொண்டேன்.

சூளையில் பதினோரு மாதம் இருந்தேன். அவர் காலையில் பல் குச்சியோடு வந்து நின்று, "என் வண்டி எப்டிடா இருக்குது இன்னைக்கு?" என்று கேட்பார்.

"உங்க வண்டி நல்லா இருக்குதுங்க" என்பேன். அதைச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.