கியருக்குள் ஒரு பல்பு

டீச்சர் நாற்பது வயதில்தான் கார் ஓட்டக் கற்றாள். ஆட்டோமேட்டிக் கியரின் எழுத்துகளுக்கு அடியில் விளக்கு எரியாததால், இருட்டினால் எந்தக் கியரில் இருக்கிறோம் என்று தெரியாது. கணவனிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாள்.

"கை பழகினா போதும், விளக்கு எதுக்கு?" என்றான்.

ஒரு மாலை, பின்னால் எடுப்பதாக நினைத்து முன்னால் விட்டு, கேட்டை இடித்துவிட்டாள். அன்றே சாவியைப் பிடுங்கிக்கொண்டவன், சொந்தக்காரர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தான்.

போன மாதம் இருட்டில் கியர் தெரியாமல் அவனே தூணில் மோதினான். மறுநாளே கார் எலக்ட்ரீஷியன் வந்தார். கியரைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றி, கருகிய பல்பை மாற்றினார்.

"இவ்வளவுதான் சார் வேலை."

"வந்து பாரு, எப்படி எரியுது! இனிமே நீயும் ஓட்டலாம்," என்று கணவன் கூப்பிட்டான்.

"நீங்களே ஓட்டுங்க."

எட்டிக்கூடப் பார்க்காமல் அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.