அருள்ராணி எடுத்த தேர்

என் பொண்டாட்டி அருள்ராணி பத்தாவது ஃபெயிலு. நானும்தான். ஆனா திண்டிவனம் சுத்துவட்டாரத்துல ராத்திரி போட்டோன்னா இன்னிக்கு அவளத்தான் கூப்புடறாங்க. பெருமை பீத்திக்கிறான் ஜூடுன்னு சொன்னா சொல்லிட்டுப் போங்க!

கிளியனூர்ல நாங்க ரேடியோ செட் வச்சிருக்கோம். மைக்கு, சீரியல் லைட்டு, ஜெனரேட்டரு எல்லாம் தொண்ணூத்தி மூணுலேர்ந்து வாடகைக்கு விடறோம். 2010ல திண்டிவனத்துல ஒரு பெரிய மாதா கோயில் திருவிழாவுக்கு லைட்டு போட ஆள் தேடுனாங்க. எனக்கு அந்த ஆர்டரு மேல உசுரு. பாண்டிச்சேரிக்காரன் ஒருத்தன் ஆல்பம் ஆல்பமா விரிச்சான். கமிட்டித் தலைவர் பெரியநாயகம் என்னப் பாத்து, "உன்னுது எங்கப்பா?"ன்னாரு. நான் நீட்டுன போட்டோவுல மாதா மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை, சுத்திக் கும்மிருட்டு. மூணு நாளு ஏணி மேல நின்னு கட்டுன லைட்டு ஒண்ணுகூட தெரியல. மானம் போச்சு.

"ஒரு மாசம் பொறுங்கய்யா. எங்க ஊரு தேர் முடிஞ்சதும் நல்ல படமா கொண்டாரேன்"னு கெஞ்சிட்டு வந்தேன்.

என் மச்சான் ஆண்டோ துபாய்லேர்ந்து கொண்டாந்த சின்ன டிஜிட்டல் கேமரா வூட்டுல சும்மா கெடந்துச்சு. அருள்ராணி அத எடுத்தா. "ஃபிளாஷ்தான்யா நம்ம லைட்ட அமுக்கிடுது"ன்னு கண்டுபுடிச்சவ அவதான். ஃபிளாஷை அணைச்சு, நிலா படம் போட்ட செட்டிங்ல வாசல்ல தொங்குன சீரியல் லைட்ட எடுத்தா. லைட்டு வந்துச்சு, ஆனா கோடு கோடா இழுத்துக்கினு. "இதுல கேமரா ரெண்டு செகண்டு முழிச்சிக்கினே இருக்குது. துளிகூட ஆடக் கூடாது"ன்னா.

தேர் அன்னிக்கு கேமராவ எங்க வச்சா தெரியுமா? ஜெனரேட்டர் வண்டி மேல! வண்டி அதிர்றதுல படம் பூரா லைட்டு புழுவா நெளியுது. அப்புறம் ஸ்பீக்கர் பாக்ஸு மேல. பாட்டுக்கு அதுவும் அதிருது. ரேடியோ செட்டுக்காரன் பொண்டாட்டிக்கு வேற எந்த எடம் தோணும்?

"ஜல்தி எடுடி, தேரு முடியப் போவுது!"ன்னு கத்துனேன்.

"நீ கத்துனா தேரு நிக்குமா? மூலைக்கு மூலை ஜெபத்துக்கு நிக்குமில்ல, அப்ப எடுக்கறேன். போய்யா, பேஜாரு பண்ணாத."

கடைசி மூலையில தேர் நின்னுச்சு. பாட்ட நிறுத்துனாங்க. சாமியார் ஜெபம் ஆரம்பிச்சாரு, ஊரே தலை குனிஞ்சு நின்னுச்சு. வெள்ளையம்மாள் கடை பொரி மூட்டை மேல கேமராவ அழுத்தி வச்சா. வெரல் பட்டு ஆடக் கூடாதுன்னு டைமரப் போட்டுட்டுக் கைய எடுத்துட்டா.

ஜெபம் முடிஞ்சதும் கூப்புட்டுக் காட்டுனா. பல்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா, மாதா சேலை நீலம் நீலமாவே, சனங்க கையில மெழுகுவத்தி. பதினேழு வருஷமா லைட்டு போட்டும், என் வேலைய நானே அன்னிக்குத்தான் போட்டோவுல பாத்தேன்.

பிரிண்டு போட்டுக்கினு ரெண்டு பேரும் திண்டிவனம் போனோம். பெரியநாயகம் ரொம்ப நேரம் பாத்தாரு. பாண்டிச்சேரி ஆல்பத்த மூடி ஓரமா தள்ளுனாரு. "லைட்டு நீயே போடு"ன்னாரு. அப்புறம் படத்துல ஒரு எடத்தத் தொட்டு, "எல்லாரும் அசையாம நிக்கிறாங்க, தேருக்குப் பக்கத்துல இதென்னம்மா பொகை?"ன்னாரு.

"எங்க வூட்டுக்காரருங்க. வயரப் பாக்கறேன்னு ஓடிக்கினு இருந்தாரு. ஜெபத்துலகூட ஒரு நிமிஷம் நிக்க மாட்டாரு"ன்னா, அத்தன பேரு முன்னாடி!

கமிட்டியே சிரிச்சுது. வேற நாளா இருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும். அந்தப் படத்தையே பெருசாக்கிக் கடையில மாட்டியிருக்கேன். வர்றவங்களுக்கு மொதல்ல பொகையக் காட்டறேன், அப்புறம் எடுத்தவளக் காட்டறேன்.