தலையணைக்குள் நன்னாரி

ஒன்பது வயதில், இல்லாத காய்ச்சலுக்காகத் தேனியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறேன். யோசனை என் தாய்மாமாவுடையது.

வருசநாட்டு மலையில் நன்னாரி வேர் தோண்டித் தேனி சர்பத் கடைகளுக்கு விற்பது மாமாவின் பிழைப்பு. அந்த வருடம், பெர்மிட் இல்லாமல் காட்டில் வேர் எடுத்தால் வழக்கு என்று சோதனைச் சாவடியில் பலகை வைத்தார்கள். மாமா அதை மரியாதையாக முழுவதும் வாசித்தார். பிறகு வீட்டுக்கு வந்து ஒரு தலையணையைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டு வேரைத் திணித்துத் தைத்தார்.

"ஃபாரஸ்ட் கார்டு பஸ்ல ஏறுனாகன்னா கண்ண மட்டும் தொறக்காத ஆத்தா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

சாவடியில் பஸ் நின்றது. தலையணையில் முகம் புதைத்து முனகினேன். நன்னாரி மணம் எனக்கே மூக்கைத் துளைத்தது. வனக் காவலர் என்னருகே வெகுநேரம் நின்றார்.

"பிள்ளைக்கு ரொம்ப முடியலயோ? எறங்குங்க, ஜீப்புல கொண்டுபோயிருவோம்" என்றார்.

மாமாவால் மறுக்க முடியவில்லை. அரசாங்கமே எங்கள் வேரைத் தேனிக்குச் சுமக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு.

என் முனகல் அத்தனை நன்றாக இருந்திருக்க வேண்டும். டாக்டர் ஊசி போடச் சொல்லிவிட்டார். ஊசியென்றால் எனக்கு உயிரே போய்விடும். ஆனாலும் செத்தாலும் கண் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை நானே நீட்டினேன். நர்ஸம்மாவின் ஈரப் பஞ்சு சில்லென்று பட்டது.

"போடச் சொல்லவா?" காவலர் மாமாவிடம் அவ்வளவுதான் கேட்டார்.

"வேணாம்!" மாமாவின் குரல் உடைந்தது. "பிள்ளைக்கு ஒண்ணுமில்லய்யா. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு." தலையணையை அவரே கிழித்துக் கொட்டினார்.

காவலர் குனிந்து வேர்களைக் கிளறினார். "சாவடியிலயே வாசம் வந்துருச்சு. பிஞ்சு வேரக்கூட விடலயேப்பா. அடுத்த வருசம் மலையில நீயே எதத் தோண்டுவ?"

வேர் போனது, வழக்கும் பதிவானது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஒரே ஒரு ஊசி. நான் தயாராக இருந்தேன். அதற்குள் காட்டிக்கொடுத்துவிட்டாரே! திரும்பும் பஸ்ஸில் அவர் வாங்கித் தந்த முறுக்கைத் தொடவில்லை. பஞ்சு பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே வந்தவரின் கையை உதறிவிட்டேன்.

மாமாவுக்கு ஊசியென்றால் பயம் என்று பல வருடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் சிரித்தபடி ஆமாம் என்பார்.