எங்கள் சேவலுக்குப் பதில் சொன்ன காட்டுச்சேவல்

மூத்த பேரன் போலீசில் எஸ்.ஐ. ஆகிவிட்டான். அடுத்தவன் பட்டாளத்தில், காஷ்மீர் குளிரில் நிற்கிறான். மகள் வயிற்றுப் பேரன் கபடியில் வாங்கிய கோப்பை எங்கள் டிவி மேல் இருக்கிறது. பேத்தி செல்வி மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு இப்போது மேல்படிப்பு. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. இந்தப் பயணம் செல்வியால் வந்தது.

தலைமுறை தலைமுறையாக வீட்டில் வளர்ந்ததில் கோழியின் உடம்பும் குணமும் குரலும் எப்படி மாறியது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வீட்டுச்சேவல் குரல் நிறையப் பதிந்துவிட்டாள். காட்டுச்சேவல் குரல்தான் எத்தனை தடவை போயும் கிடைக்கவில்லை. இந்த முறையும் இல்லையென்றால் தலைப்பையே மாற்று என்று அவள் வாத்தியார் சொல்லிவிட்டார். பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. குரல் கிடைத்தால் எங்கள் சிவப்புச் சேவலைத் தருகிறேன் என்று ஆய்க்குடி முருகனுக்கு நேர்ந்துகொண்டேன்.

மாசி மாதம் குற்றாலம் அருவியில் தண்ணீர் இருக்காது. ஆனால் காட்டுச்சேவல் நன்றாகக் கூவுவது அப்போதுதான். கடையத்திலிருந்து விடியுமுன் ஆட்டோ, போகவரக் காத்திருக்க எண்ணூறு ரூபாய். பழைய குற்றாலம் போகும் வழியில் மலையை ஒட்டித் தெரிந்தவர் மாந்தோப்பு.

நான் சேவல் கூடையோடு ஏறியதும் டிரைவர், "என்ன ஆச்சி, மத்தியானக் கொழம்பா?" என்றான்.

"வாயக் கழுவுலே. முருகனுக்குள்ளது. இவ வேலை முடிஞ்சதும் நேரே ஆய்க்குடிக்கு விடு."

செல்வி தலையில் கை வைத்தாள். "ஆச்சி! காட்டுக்குரல் பிடிக்கப் போற எடத்துக்கு யாராச்சும் வீட்டுச்சேவலக் கொண்டு வருவாவளா? இது கூவிச்சுன்னா எல்லாம் போச்சு!"

"குரல் கெடைக்கும்ட்டி. அதான் கையோட கொண்டுவாறேன்."

கூடைமேல் கறுப்புப் போர்வையை மூடினேன். இருட்டில் அது வாய் திறக்காது. தோப்பில் இறங்கி உட்கார்ந்தோம், விடிந்தது. மயில் கத்தியது, குரங்கு கத்தியது. வேண்டிய குரல் மட்டும் இல்லை. வெயில் ஏறவும் செல்வி கண் கலங்கி மைக்கை எடுத்துவைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து நான் கால் மாற்றி உட்கார, போர்வை நழுவி, எங்கள் ஆள் ஒரு கூவு கூவினான் பாருங்கள்!

"ஆச்சீ..." என்று அவள் பல்லைக் கடிக்கும்போதே, பாறைக்கு மேலிருந்து வெடுக்கென்று ஒரு பதில். உடைந்து உடைந்து, சுருக்கமாக. மறுபடி இவன். மறுபடி அவன். செல்வி மைக்கை அந்தப் பக்கம் திருப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் புதர் ஓரம் பதில் சொன்ன ஆளே வந்து நின்றார். சாம்பல் நிறம், ஒல்லி உடம்பு, கழுத்தில் பொட்டுப்பொட்டாக மினுக்கம். டிரைவர் தும்மினான், சர்ரென்று பறந்து மறைந்தது. எங்கள் சேவலோ தீனி வருகிறதென்று கழுத்தை நீட்டியது!

"நம்ம கோழிக்கு நேர் பாட்டன் வடக்க உள்ள செங்காட்டுக்கோழி. இது பங்காளி," என்றாள் செல்வி. "நம்மது காவலையும் தீனியையும் மனுசன்கிட்ட விட்டுட்டுக் கனத்துப் போச்சு, பயமும் போச்சு. நீட்டிக் கூவுறதாப் பாத்து மனுசன் வளத்ததும் உண்டு."

"அப்ப ஒன் படிப்புல பாதி என் சேவலோடது."

"முக்காவாசி ஆச்சி!" என்று கட்டிக்கொண்டாள்.

ஆய்க்குடியில் சேவலை விட்டதும் அது கோவில் வாசலிலேயே ஒரு தடவை நீட்டி முழக்கியது.

போகிறவர்கள் மாசி, பங்குனியில் போங்கள். தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள், செல்போனில் பாட்டுப் போடாதீர்கள். என்னைப் பார்த்துச் சேவல் கொண்டுபோக வேண்டாம். காட்டுப் பறவைகளுக்கு நோய் ஒட்டுமாம், செல்வி பிறகு சொன்னாள்.

ஏலே கபடிக்காரா, இந்தப் பக்கத்தை நீதானே பார்க்கிறாய்? மேலே கிடக்கிற என் ரேஷன் கார்டு படத்தை எடு. கோவில் வாசலில் செல்வி சேவலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற புதுப் படத்தைப் போடு. மைக்கும் தெரியணும்.