மை பரவிய குழல்காரர்

பனியன் நகரத்து ராயபுரத்தில், ஏற்றுமதியில் கழித்த பனியன் விற்கும் கடையில் நிற்கிறேன். கையில் ஒரு கறுப்பு டி-ஷர்ட். அதில், கல்லூரி நாளில் நான் பைத்தியமாகக் கேட்ட ஆர்மீனிய ராக் குழுவின் படம். வெறும் கிட்டாரோடு திரிந்தவர்கள், டுடுக் என்ற தங்கள் ஊர் மரக்குழலைச் சேர்த்த பிறகுதான் உருப்பட்டார்கள். குழல்காரர் செத்ததும் குழு கலைந்தது. படத்தில் அவர் முகத்தில் மட்டும் மை பரவிக் கிடக்கிறது.

"நல்ல பீஸ் இல்லையா?"

"அதெல்லாம் கப்பல் ஏறிருச்சுங்க," என்கிறார் கடைக்கார பாய். "இது மிசின் தொடைக்கற வேஸ்ட்டுக்குப் போறதுங்க."

"இவரைப் போய் மிசின் துடைக்கிற துணியா ஆக்குவீங்களா?" கத்துகிறேன்.

"ஏனுங்க, மூஞ்சியே தெரியலீங்களே!"

"எனக்குத் தெரியும்."

வாங்கிக்கொண்டு தெருவில் இறங்குகிறேன். குழல் அப்படியே காதில் கேட்கிறது. அந்த ஆள் மீசை வைத்திருந்தாரா? எழவு, ஞாபகமே வரவில்லை.