பின்னால் ஏற்றிய அரிசி மூட்டை

இன்று காலை லொங்குய்யில் என் வீட்டு வாசலில், ஜீப்புக்குப் பின்னால் எங்கள் சின்ன ட்ரெயிலரைக் கொளுவினேன். 'டக்' என்று பூட்டு விழுந்த சத்தம் என்னைத் தொண்ணூறுகளின் ஒரு கோடைக்குக் கொண்டுபோனது.

அப்போது நாடுவிட்டு வந்து கோட்-டெ-நெய்ஜில் இருந்தோம். அப்பா பழைய ட்ரெயிலர் ஒன்று வாங்கி, முதன்முதலாக எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். மூன்று நாளைக்கென்று அம்மா ஒரு முழு அரிசி மூட்டையையும் தேங்காய்களையும் சட்டி பானைகளையும் ட்ரெயிலரின் பின்மூலையில் அடுக்கியிருந்தார். ஹைவேயில் வேகம் கூடியதும் ட்ரெயிலர் பாம்பாய் நெளிந்தது. எங்கள் வண்டியையும் சேர்த்து ஆட்டியது. அப்பா மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டினார்.

"திரும்பிப் போவம்," என்றார்.

அம்மா இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார்.

"இடம்பெயரேக்கை சைக்கிள் கரியரிலை சாமான் கட்டினனாங்கள் எல்லே? பின்னுக்குப் பாரம் கூடினா ஹாண்டில் ஆடும். மூட்டையை முன்னுக்குத் தள்ளுங்கோப்பா."

இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். அதன்பிறகு ட்ரெயிலர் ஆடவேயில்லை. உயிர்தப்ப ஓடிய நாளில் பழகியதை வைத்துத்தான் அம்மா எங்களை முதல் விடுமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இன்று புறப்படுமுன் அம்மாவுக்குப் போன் எடுத்து, ட்ரெயிலரோடு போகிறோம் என்றேன். எங்கே போகிறோம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"பிள்ளை, அரிசியை எங்கை வைச்சனி?"